சிறையில் இருப்பவரைப் பார்க்கப் போகிறவர்களுக்கு: முதல் சந்திப்பு வரை, வரிசைப்படி

தம்பி உள்ளே போய் மூன்று வருடம் ஆகப்போகிறது. நாற்பது தடவைக்கு மேல் போய் வந்துவிட்டேன். முதல் தடவை வாசலோடு திருப்பி அனுப்பிவிட்டார்கள். இரண்டாம் தடவை உள்ளே விட்டார்கள். பேச நினைத்துப் போன எதையும் பேசாமல் வந்தேன்.

அதற்கப்புறம் வரிசையில் நிற்கும் புதியவர்களைக் கவனிக்க ஆரம்பித்தேன். திரும்பிப் போகிறவர்களில் பெரும்பாலோர் பெரிய தப்பு எதுவும் செய்திருக்க மாட்டார்கள். முதலில் செய்ய வேண்டியதை மூன்றாவதாகச் செய்திருப்பார்கள், அவ்வளவுதான். டிக்கெட் எடுத்துவிட்டு அனுமதி கேட்பார்கள். அனுமதி வாங்கிவிட்டு அடையாள அட்டையைத் தேடுவார்கள்.

இதைச் சிலர் 'மனு பார்ப்பது' என்பார்கள், சிலர் நேர்காணல், சிலர் விசிட். நான் சந்திப்பு என்றே எழுதுகிறேன். விதிகள் நாட்டுக்கு நாடு, ஒரே நாட்டுக்குள்ளும் சிறைக்குச் சிறை மாறும். ஆனால் செய்ய வேண்டிய வரிசை எங்கும் ஏறக்குறைய ஒன்றுதான். அந்த வரிசையிலேயே எழுதியிருக்கிறேன்.

1. முதலில் மூன்று விவரம்: இடம், எண், நிலை

எந்தச் சிறை, கைதி எண் என்ன, விசாரணைக் கைதியா தண்டனைக் கைதியா. இந்த மூன்றும் கையில் இல்லாமல் எங்கே போன் செய்தாலும் பேச்சு நகராது.

இடம் தெரியும் என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். கைது செய்த காவல் நிலையம் ஒன்று, முதல் சில நாள் வைத்திருக்கும் இடம் ஒன்று, அதன்பின் மாற்றும் சிறை ஒன்று என்று இருக்கலாம். வழக்கறிஞரிடம் கேளுங்கள், அல்லது சிறையின் விசாரணை எண்ணுக்கு நேரடியாகப் போன் செய்யுங்கள். அமெரிக்கக் கூட்டாட்சிச் சிறைகளுக்குப் பெயரை வைத்துத் தேடும் இணையதளம் உண்டு. இந்தியாவில் சந்திப்புக்குப் பதிவு செய்ய 'இ-முலாகாத்' என்ற இணையச் சேவை இருக்கிறது.

நாள் கணக்கில் தகவலே இல்லையா? கைதிகளை எப்படி நடத்த வேண்டும் என்று ஐ.நா. பொதுச்சபை 2015இல் ஏற்ற நெல்சன் மண்டேலா விதிகளில் 68ஆவது விதி இதற்காகவே இருக்கிறது. சிறைக்கு வந்ததையும், வேறு சிறைக்கு மாற்றப்பட்டதையும், உடல்நலம் மோசமானதையும் உடனே குடும்பத்துக்குத் தெரிவிக்கக் கைதிக்கு உரிமை உண்டு, அதற்கான வழியையும் கொடுக்க வேண்டும் என்கிறது. நீதிமன்றத்தில் அப்படியே அமலாகும் சட்டம் இல்லை என்றாலும், வழக்கறிஞர் எழுதும் கடிதத்தில் இந்த எண்ணைக் குறிப்பிட்டால் கடிதத்துக்குக் கொஞ்சம் எடை கூடும்.

பிடிபட்டவர் வெளிநாட்டில் இருந்தால், அங்கே இருக்கும் நம் தூதரகத்துக்கும் அதே நாளில் தகவல் கொடுங்கள். தூதரக உறவுகள் பற்றிய 1963ஆம் ஆண்டு வியன்னா உடன்படிக்கையின் 36ஆவது பிரிவுப்படி, தூதரக அதிகாரி அவரைப் போய்ப் பார்க்கலாம், கடிதம் எழுதலாம், வழக்கறிஞருக்கு ஏற்பாடு செய்யலாம். ஜாமீனில் எடுத்துத் தருவார்கள் என்று எதிர்பார்க்காதீர்கள். ஆனால் எந்தக் கட்டடத்தில் இருக்கிறார் என்பதாவது தெரியவரும்.

கைதி எண்ணை வீட்டில் இரண்டு பேராவது எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஒரே பெயரில் உள்ளே நான்கு பேர் இருப்பார்கள். பணம் போடுவதிலிருந்து கடிதம் போய்ச் சேருவது வரை எல்லாமே எண்ணை வைத்துத்தான்.

நிலை எதற்கு? சந்திப்பின் எண்ணிக்கையே அதைப் பொறுத்து மாறும். இங்கிலாந்து, வேல்ஸ் சிறைகளில் தண்டனை பெற்றவருக்கு வழக்கமாக நான்கு வாரத்துக்கு ஒரு மணி நேரச் சந்திப்பு இரண்டு. விசாரணையில் இருப்பவருக்கு வாரத்துக்கு மூன்று. அமெரிக்கக் கூட்டாட்சிச் சிறையில் மாதத்துக்குக் குறைந்தது நான்கு மணி நேரம். உங்கள் சிறையில் எத்தனை என்று கேட்காமல் முதல் வாரமே சொந்தக்காரர்களை எல்லாம் அனுப்பிவிட்டால், மாதக் கடைசியில் அம்மா போக இடம் இருக்காது.

2. பட்டியலில் உங்கள் பெயர் ஏற வேண்டும்

புதியவர்கள் அதிகம் தடுமாறுவது இங்கேதான். பார்க்கப் போகிறவர் விண்ணப்பித்தால் போதும் என்று நினைக்கிறார்கள். பல சிறைகளில் உள்ளே இருப்பவர்தான் முதலில் 'இன்னார் என்னைப் பார்க்க வரலாம்' என்று எழுதிக் கொடுக்க வேண்டும். அதன்பிறகே உங்கள் விண்ணப்பத்தை எடுப்பார்கள். காரணம் எளிது: அவர் பார்க்க விரும்பாதவர்கள் வந்து நிற்கக் கூடாது.

ஆகவே முதலில் ஒரு கடிதம். அதில் உங்கள் முழுப்பெயர், பிறந்த தேதி, முகவரி, உறவுமுறை நான்கையும் அடையாள அட்டையில் இருக்கிற மாதிரியே எழுதி அனுப்புங்கள். உள்ளே இருப்பவருக்கு அக்காவின் பிறந்த தேதி நினைவிருக்காது. தம்பி என் பிறந்த வருடத்தை ஒன்று குறைத்து எழுதிக் கொடுத்திருந்தான். முதல் தடவை நான் திரும்பி வந்தது அதனால்தான்.

பட்டியலில் இத்தனை பேர்தான் என்று வரம்பு இருந்தால், யார் யார் என்பதை வீட்டில் பேசி முடிவு செய்து அவருக்குச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் முதல் நாள் பதற்றத்தில் நினைவுக்கு வந்த நண்பர்களை எல்லாம் எழுதிவிடுவார்கள். எங்கள் பெரியம்மா அப்படித்தான் இரண்டு மாதம் காத்திருந்தார்.

பின்னணிச் சரிபார்ப்புக்கு வாரக்கணக்கில் ஆகலாம். புதிதாக வந்தவரை நெருங்கிய உறவினர் மட்டும் ஒரு தடவை உடனே பார்க்கச் சில சிறைகளில் விடுவார்கள். 'பட்டியல் தயாராகும் முன் முதல் சந்திப்பு உண்டா?' என்று நீங்களாகவே கேட்க வேண்டும்; அவர்களாகச் சொல்ல மாட்டார்கள்.

உங்கள் மீது பழைய வழக்கு இருந்தால் விண்ணப்பத்தில் மறைக்காதீர்கள். வழக்கு இருப்பதாலேயே எல்லா இடத்திலும் மறுத்துவிடுவதில்லை. மறைத்தது தெரிந்தால் மறுப்பார்கள், அடுத்த தடவையும் சந்தேகத்தோடுதான் பார்ப்பார்கள். பிடியாணை நிலுவையில் இருந்தால் வாசலிலேயே கைது ஆகவும் கூடும். அதே வழக்கில் நீங்கள் சாட்சியாகவோ உடன் குற்றம் சாட்டப்பட்டவராகவோ இருந்தால், வழக்கறிஞரைக் கேட்காமல் சிறைப் பக்கமே போகாதீர்கள். சந்தித்ததையே பின்னால் 'சாட்சியைக் கலைத்தார்' என்று சொல்ல இடம் கொடுத்துவிடும்.

3. அடையாள அட்டை: ஒரு எழுத்துக்காகத் திரும்ப வேண்டி வரலாம்

நம் பெயர்களுக்கென்று இருக்கிற தொல்லை இது. ஒரு அட்டையில் இனிஷியல் முன்னால், இன்னொன்றில் பின்னால், பாஸ்போர்ட்டில் அதுவே விரிந்து அப்பா பெயராக. திருமணத்துக்குப் பின் ஒரு அட்டையில் கணவர் பெயர், இன்னொன்றில் பழைய பெயர். நமக்கு எல்லாம் ஒரே ஆள்தான். கவுண்டரில் இருப்பவர் கணினித் திரையையும் அட்டையையும் எழுத்து எழுத்தாக ஒத்துப் பார்ப்பார். அவருக்கு அது இரண்டு ஆள்.

ஒரு நாள் எனக்கு முன்னால் ஒரு வயதான அம்மா நின்றிருந்தார். இரண்டு பஸ் மாறி வந்தவர். "இதுல வேற பேரு இருக்கேம்மா" என்றார் கவுண்டரில் இருந்தவர். "அது எங்க வீட்டுக்காரர் பேருப்பா, எம்பேரு அதுக்கு முன்னாடி இருக்கு பாரு" என்று அந்த அம்மா விரலை வைத்துக் காட்டினார். அவர் காட்டியது சரிதான். பட்டியலில் வெறும் இனிஷியல்தான் இருந்தது. மேலதிகாரியைக் கூப்பிட்டு, போன் போட்டு, கடைசியில் உள்ளே விட்டார்கள். சந்திப்பில் மிச்சம் இருந்தது பத்து நிமிடம்.

செய்ய வேண்டியது: சந்திப்புக்கென்று ஒரே ஒரு அட்டையை முடிவு செய்துகொள்ளுங்கள். எந்த அட்டையை ஏற்பார்கள் என்று சிறையின் விதியில் பார்த்துவிட்டு, காலாவதி ஆகாததாக எடுங்கள். கைதி எழுதிக் கொடுக்கும் பட்டியல், உங்கள் விண்ணப்பம், பதிவு எல்லாவற்றிலும் அந்த அட்டையில் உள்ள எழுத்துகளையே, அதே இடைவெளியோடு போடுங்கள். பெயர் மாறியதற்கான சான்றிதழ் இருந்தால் அதையும் கொண்டு போங்கள்.

அசல்தான் வேண்டும். போனில் இருக்கும் படத்தை ஏற்பார்கள் என்று நம்பிப் போகாதீர்கள். ஏற்றுக்கொண்டாலும், போனை வெளியே வைத்த பிறகு உள் வாசலில் மறுபடி கேட்டால் எதைக் காட்டுவீர்கள்?

4. நாளும் நேரமும்

அனுமதி கைக்கு வந்த பிறகுதான் பதிவு, பதிவு உறுதியான பிறகுதான் பயணச்சீட்டு. இந்த மூன்றும் இடம் மாறினால் காசுதான் வீண்.

பதிவு செய்யும்போது அவருக்கு அன்று நீதிமன்றத் தேதியோ மருத்துவமனைப் பயணமோ இருக்கிறதா என்று வழக்கறிஞரிடம் கேளுங்கள். கிளம்பும் நாள் காலையில் சிறைக்கு ஒரு போன் செய்யுங்கள். உள்ளே ஏதாவது தகராறு நடந்தாலோ, தொற்று பரவினாலோ, ஆள் பற்றாக்குறை வந்தாலோ சந்திப்புகளை மொத்தமாக நிறுத்திவிடுவார்கள். நமக்குச் சொல்லி அனுப்ப நேரம் இருக்காது. முந்தின நாள் இரவு வேறு சிறைக்கு மாற்றிவிட்டதை வாசலில் வந்து தெரிந்துகொண்டவர்களும் உண்டு.

தூரத்தில் இருப்பவர்கள் காணொளிச் சந்திப்பு இருக்கிறதா என்று கேளுங்கள். நேரில் பார்ப்பதற்கு ஈடாகாதுதான். ஆனால் வருடத்துக்கு ஒரு தடவை மட்டும் வர முடிகிறவர்களுக்கு நடுவில் அது பெரிய துணை. அதையும் பதிவு செய்து வைப்பார்கள் என்பதை மறக்க வேண்டாம்.

5. உடை

'உடைக் கட்டுப்பாடு' என்றதும் பலர் அடக்கமாக உடுத்தினால் போதும் என்று நினைக்கிறார்கள். அடக்கம் ஒரு பகுதிதான். இன்னும் இரண்டு விஷயம் இருக்கிறது.

ஒன்று, நிறம். கைதிகளின் சீருடை நிறத்திலோ காவலர்களின் சீருடை நிறத்திலோ உடுத்திப் போனால் திருப்பி அனுப்பும் சிறைகள் நிறைய. கூட்டத்தில் ஆள் மாறி வெளியேறிவிடக் கூடாது என்பது அவர்கள் பயம். அவர் உடுத்துவது என்ன நிறம் என்று முன்பே கேட்டு வையுங்கள். ராணுவ உடை போன்ற புள்ளித் துணியும் வேண்டாம்.

இரண்டு, உலோகம். உலோகக் கண்டறி வாசலைத் தாண்டித்தான் போக வேண்டும். பெல்ட், சாவி எல்லாம் எவருக்கும் நினைவிருக்கும். ஆண்களுக்கு மாட்டுவது பாண்டில் இருக்கும் கூடுதல் கொக்கிகள், கனமான பித்தளை பட்டன்கள். பெண்களுக்குக் கொண்டை ஊசிகள், சேஃப்டி பின், கம்பி வைத்த உள்ளாடை. இந்தக் கடைசி ஒன்றால் திரும்பியவர்களை எண்ணிச் சொல்ல முடியாது. வெட்கத்தால் யாரும் யாருக்கும் சொல்வதில்லை, ஒவ்வொருவரும் தாங்களாகப் பட்டுத் தெரிந்துகொள்கிறார்கள். கம்பி இல்லாததைப் போட்டுக்கொண்டு போங்கள்.

உடம்புக்குள் உலோகத்தகடோ இதய முடுக்கியோ இருந்தால் மருத்துவர் கடிதம் கொண்டு போங்கள். கழற்றவே முடியாத மோதிரம், வளையல் இருந்தால் முன்பே போனில் கேட்டு, பேசியவர் பெயரைக் குறித்து வையுங்கள்.

தலையைச் சுற்றிய துணி, முகத்திரை போன்றவற்றைத் தனி அறையில் பெண் காவலரிடம் மட்டும் விலக்கிக் காட்டக் கேட்கலாம். முன்கூட்டியே சொன்னால் ஆள் ஏற்பாடு செய்ய அவர்களுக்கும் வசதி.

நான் எப்போதும் ஒரு மாற்று உடை கொண்டு போவேன். எனக்கு ஒரே ஒரு தடவைதான் தேவைப்பட்டது, பிறருக்கு ஆறேழு தடவை கொடுத்திருக்கிறேன்.

6. பொருள், பணம், மருந்து

விதி இதுதான்: சந்திப்பு அறையில் கைக்குக் கை எதுவும் மாறக் கூடாது. ஒரு மிட்டாய்கூட. காவலருக்குத் தெரியாமல் கொடுத்த மிட்டாய், அவருக்குக் கடத்தல் பொருள். தண்டனை உங்களுக்கு மட்டும் வராது, உள்ளே இருப்பவருக்கும் சேர்த்து வரும்.

பணத்தை அவருடைய சிறைக் கணக்கில் அதிகாரப்பூர்வ வழியில் மட்டும் போட்டு, ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். துணி, புத்தகம் என்றால் எண்ணிக்கை, நிறம், நேரடியாகக் கொடுக்கலாமா தபாலிலா என்று கேட்டுச் செய்யுங்கள்.

மருந்தை எடுத்துப் போய் நீட்டாதீர்கள். மருந்துச் சீட்டின் நகல், நோய் விவரம், மருத்துவர் பெயர் இவற்றைச் சிறை மருத்துவப் பிரிவுக்குக் கடிதமாக, கைதி எண் போட்டு அனுப்புங்கள். சர்க்கரை, வலிப்பு, மனநல மருந்து எடுப்பவர் என்றால் சந்திப்பு வரை காத்திருக்காமல் முதல் நாளே அனுப்ப வேண்டும்.

வாசலுக்கு வெளியே 'அண்ணே, நான் உள்ள கொடுத்துடறேன்', 'அக்கா, சீக்கிரம் பார்க்க ஏற்பாடு பண்றேன்' என்று யாராவது வருவார்கள். காசு போய்விடும், அவ்வளவோடு முடிந்தால் அதிர்ஷ்டம். அதேபோல வரிசையில் பழகியவர் தரும் பையை ஒரு நிமிடம்கூடப் பிடித்துக்கொள்ளாதீர்கள். பாவமாகத்தான் இருக்கும். இருந்தாலும் வேண்டாம்.

7. வாசலிலிருந்து அறை வரை

குறித்த நேரத்துக்கு ஒரு மணி நேரம் முன்னால் அங்கே இருங்கள். பதிவு, லாக்கர், சோதனை, காத்திருப்பு என்று நான்கு கட்டம் தாண்ட வேண்டும், ஒவ்வொன்றிலும் வரிசை இருக்கும். தாமதமாகப் போனால் அவ்வளவு நேரமும் உங்கள் சந்திப்பில் கழியும்.

உள்ளே போகும் முன் கழிப்பறைக்குப் போய்விடுங்கள். சந்திப்பு நடுவே வெளியே போனால் பல இடங்களில் மறுபடி உள்ளே விடமாட்டார்கள்.

கைப்பை, போன், ஸ்மார்ட் கடிகாரம், பர்ஸ் எல்லாம் லாக்கரில். லாக்கருக்குச் சில்லறை நாணயம் கேட்பார்களா என்று முன்பே விசாரியுங்கள். உங்களுடன் உள்ளே போவது அடையாள அட்டையும் லாக்கர் சாவியும் மட்டும் என்று மனதில் வைத்தால் சரியாக இருக்கும். போகும் முன் ஒவ்வொரு பையையும் வெளியே இழுத்து உதறுங்கள். பழைய மாத்திரை ஒன்று பாண்ட் பையில் கிடந்து ஒருவரை அரை நாள் உட்கார வைத்ததைப் பார்த்திருக்கிறேன்.

சோதனையில் கையால் தடவிப் பார்ப்பார்கள், செருப்பைக் கழற்றச் சொல்வார்கள், வாயைத் திறக்கச் சொல்வார்கள், மோப்ப நாய் வரலாம். சில சிறைகளில் சிறு துணியால் கையையோ உடையையோ துடைத்து, போதைப்பொருள் துகள் இருக்கிறதா என்று கருவியில் பார்ப்பார்கள். கை மாறிக் கை மாறி வரும் பணத்தாளிலிருந்துகூட இந்தத் துகள் ஒட்டலாம். அதனால் பணத்தை எண்ணி லாக்கரில் வைத்த கையோடு போகாமல், கழுவிவிட்டுப் போங்கள்.

உங்களுக்கு இங்கே என்ன உரிமை என்பதையும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். மண்டேலா விதிகளில் 60ஆவது விதி, சோதனைக்குச் சம்மதித்தால்தான் சந்திப்பு என்கிறது. அந்தச் சம்மதத்தை எந்தக் கட்டத்திலும் திரும்பப் பெறலாம், அப்போது அவர்கள் அனுமதியை மறுக்கலாம். சோதனை இழிவுபடுத்துவதாக இருக்கக் கூடாது, உடலின் உட்பகுதிச் சோதனையைத் தவிர்க்க வேண்டும், குழந்தைகளிடம் அதைச் செய்யவே கூடாது என்றும் அதே விதி சொல்கிறது. எல்லை மீறுகிறது என்று தோன்றினால், குரலை உயர்த்தாமல் 'நான் இதற்குச் சம்மதிக்கவில்லை, மேலதிகாரியிடம் பேச வேண்டும்' என்று சொல்லுங்கள். அன்றைய சந்திப்பு போகக்கூடும். அது தெரிந்தே முடிவெடுங்கள்.

காவலர்களிடம் கெஞ்சவும் வேண்டாம், சண்டைக்கும் போக வேண்டாம். அடுத்த மாதமும் அதே முகங்களைத்தான் பார்ப்பீர்கள்.

8. அறைக்குள்

எந்த வகைச் சந்திப்பு என்று முன்பே கேட்டு வையுங்கள். கண்ணாடிக்கு இரண்டு பக்கமும் ரிசீவரை வைத்துப் பேசுவதா, கம்பிவலைக்கு வெளியே நின்றா, ஒரே மேசையில் உட்கார்ந்தா. தொட முடியும் என்று நம்பிப் போய்க் கண்ணாடியைப் பார்ப்பது முதல் ஐந்து நிமிடத்தைத் தின்றுவிடும். மேசை வகையில் ஆரம்பத்தில் ஒரு அணைப்பு, முடிவில் ஒரு அணைப்பு என்று கணக்கு வைத்திருப்பார்கள். நடுவில் கையைப் பிடிக்கலாமா என்பதையும் கேட்டுத்தான் செய்ய வேண்டும்.

அவரைப் பார்த்ததும் அதிர்ச்சி வரும். இளைத்திருப்பார், தலைமுடி போயிருக்கும், கண்ணுக்குக் கீழே கறுத்திருக்கும். 'என்னடா இப்படி ஆயிட்ட' என்பதுதான் வாயில் முதலில் வரும். அதை மட்டும் விழுங்கிவிடுங்கள். அவருக்கு அங்கே கண்ணாடி பார்க்கவே வாய்ப்பு குறைவாக இருக்கலாம். உங்கள் முகத்தில்தான் தன்னைப் பார்ப்பார்.

எழுதிய தாளை உள்ளே விடமாட்டார்கள் என்பதால் நான் விரல் கணக்கு வைத்துக்கொள்கிறேன். கட்டைவிரல்: உடம்பு, மருந்து. ஆள்காட்டி விரல்: வழக்கறிஞர் வந்தாரா, அடுத்த தேதி என்ன. நடுவிரல்: பணம், என்ன வேண்டும். மோதிர விரல்: வீட்டில் அவர் முடிவு சொல்ல வேண்டிய விஷயம். சுண்டு விரல் தம்பிக்கு, அவன் என்ன பேசுகிறானோ அது. முதல் நான்கையும் பத்து நிமிடத்துக்குள் முடித்துவிடுவேன். முன்பு இதைத் தலைகீழாகச் செய்தேன். அழுகை, ஆறுதல் எல்லாம் முடிந்து, மணி அடித்த பிறகுதான் பல்வலிக்கு மாத்திரை கிடைக்கவில்லை என்று சொன்னான்.

வழக்கைப் பற்றிப் பேசாதீர்கள். ரிசீவரில் பேசுவது பதிவாகலாம், மேசையில் பேசுவது பக்கத்து மேசைக்குக் கேட்கும். 'அன்னிக்கு உண்மையில என்ன நடந்துச்சு' என்ற கேள்வியை வழக்கறிஞருக்கு விட்டுவிடுங்கள். அவர் சந்திப்புக்குத் தனி விதி: காவலர் பார்க்கலாம், காதில் விழக் கூடாது என்று மண்டேலா விதிகளில் 61ஆவது விதி சொல்கிறது. உங்களுக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது.

கெட்ட செய்தி இருந்தால்? மறைக்கவும் வேண்டாம், கடைசி நிமிடத்தில் சொல்லவும் வேண்டாம். மரணச் செய்தி போன்றதைச் சந்திப்பின் முதல் பாதியில் சொல்லுங்கள், அழுது ஓய அவருக்கு உங்கள் முன்னால் நேரம் இருக்கும். வெளியே வந்ததும், அவருக்கு இன்ன செய்தி சொல்லியிருக்கிறேன், இன்றிரவு கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள் என்று பொறுப்பில் இருப்பவரிடம் சொல்லிவிட்டு வாருங்கள். உயிரை விட்டுவிடும் பேச்சு எதையாவது அவர் பேசினாலும் இதேதான். மேலதிகாரியிடம் நேரில் சொல்லி, அன்றே எழுத்திலும் அனுப்புங்கள்.

சில நாள் அவர் பேசவே மாட்டார். உட்கார்ந்திருங்கள். வீட்டில் பூனை குட்டி போட்டது, மழைக்குக் கூரை ஒழுகியது என்று நீங்கள் சொல்லிக்கொண்டிருந்தால் போதும். நாம் இங்கே நன்றாக இருப்பதைச் சொன்னால் வலிக்குமோ என்று தயங்குவோம். என் தம்பி அதைத்தான் திரும்பத் திரும்பக் கேட்பான்.

9. குழந்தைகளை அழைத்துப் போவதானால்

முதல் சந்திப்புக்குக் குழந்தை வேண்டாம் என்பது என் கருத்து. இடம், சோதனை, தொட முடியுமா முடியாதா என்பதை நீங்கள் ஒரு தடவை பார்த்துவிட்டு வந்தால்தான் குழந்தைக்கு நடக்கப்போவதைச் சொல்ல முடியும். நாய் வந்து மோந்து பார்க்கும், ஒரு ஆன்ட்டி கையைத் தூக்கச் சொல்வார், அப்பா கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருப்பார், கிளம்பும்போது நம்மோடு வரமாட்டார். இந்த நான்கையும் முந்தின நாளே சொல்லிவிடுங்கள். கடைசியில் சொன்னதுதான் முக்கியம். அறை வாசலில் அழுது புரளும் குழந்தைகள் பெரும்பாலும் 'அப்பாவைக் கூட்டிட்டு வரப் போறோம்' என்று சொல்லி அழைத்து வரப்பட்டவர்கள்.

அப்பா வெளிநாட்டில் வேலையில் இருக்கிறார் என்று சொல்லி வைத்திருந்தால், அழைத்துப் போகும் முன் அதைத் திருத்துங்கள். சிறை என்ற சொல்லைப் பள்ளியில் வேறு யாரோ சொல்லித் தெரிவதைவிட உங்கள் வாயால் தெரிவது நல்லது.

பிறப்புச் சான்றிதழ் வேண்டும். அம்மாவோ அப்பாவோ இல்லாமல் பாட்டியோ சித்தப்பாவோ அழைத்துப் போனால் சம்மதக் கடிதமும் கேட்பார்கள். கைக்குழந்தைக்கு எத்தனை டயபர், எத்தனை புட்டி என்பதற்குக்கூட எண்ணிக்கை இருக்கும். பொம்மை உள்ளே போகாது.

உள்ளே இருப்பவர் அம்மா என்றால், பெண் கைதிகள் பற்றி ஐ.நா. 2010இல் ஏற்ற பாங்காக் விதிகளில் 28ஆவது விதியைக் குறித்து வையுங்கள். குழந்தை வரும் சந்திப்பு நல்ல சூழலில் நடக்க வேண்டும், தாயும் குழந்தையும் தடுப்பு இல்லாமல் தொட்டுப் பழக இடம் கொடுக்க வேண்டும் என்கிறது. கண்ணாடிக்குப் பதில் மேசை கேட்டு மனு எழுதும்போது உதவும்.

10. முடிந்து வெளியே வரும்போது

மணி அடித்ததும் எழுந்துவிடுங்கள். நீங்கள் இழுத்தடிக்கும் இரண்டு நிமிடத்துக்குப் பதில் சொல்ல வேண்டியவர் அவர்.

உள்ளே வரும்போது கையில் கண்ணுக்குத் தெரியாத மையில் முத்திரை குத்தும் சிறைகள் உண்டு. வெளியே விடும்போது ஊதா விளக்கில் பார்ப்பார்கள். ஒரு பெண் உள்ளே வியர்த்த கையைப் புடவையில் துடைத்துத் துடைத்து அதை அழித்துவிட்டார். எல்லாக் கைதிகளையும் எண்ணி முடிக்கும் வரை அவரை நிறுத்தி வைத்திருந்தார்கள். முத்திரை குத்திய கையை அப்படியே விடுங்கள்.

லாக்கரைத் திறந்ததும் முதல் வேலை, அவர் சொன்னதை எல்லாம் எழுதுவது. பஸ் ஏறிய பின் எழுதலாம் என்றால் பாதி போய்விடும். கேட்ட பொருள், வழக்கறிஞருக்குச் சொல்ல வேண்டியது, உடம்பில் பார்த்த காயம் ஏதாவது இருந்தால் எந்த இடத்தில், எவ்வளவு பெரிது, அவர் என்ன சொன்னார், இன்றைய தேதி. காயம் விஷயத்தில் இந்தக் குறிப்பு பின்னால் புகாருக்கு ஆதாரமாகும்.

அன்று மாலை வேறு வேலை எதுவும் வைத்துக்கொள்ளாதீர்கள். எனக்கு முதல் வருடம் முழுக்கச் சந்திப்பு முடிந்த இரவு காய்ச்சல் அடிக்கும்.

11. அனுமதி மறுத்தால்

காரணம் என்ன என்று கேளுங்கள். சொன்னவர் பதவி, தேதி, நேரம் எழுதுங்கள். முடிந்தால் எழுத்தில் கேளுங்கள். 'இன்று இல்லை' என்பதும் 'இனி இல்லை' என்பதும் வேறு வேறு. வாசலில் இரண்டும் ஒரே குரலில்தான் வரும்.

ஆவணக் குறை என்றால் சரி செய்து மறுபடி பதிவு செய்யுங்கள். உள்ளே அவர் ஒழுங்கை மீறினார், அதனால் சந்திப்பு இல்லை என்றால் மண்டேலா விதிகளில் 43ஆவது விதியைப் பாருங்கள். குடும்பத் தொடர்பை அடியோடு துண்டிப்பதை ஒழுங்கு நடவடிக்கையாக வைக்கக் கூடாது, பாதுகாப்புக்குத் தேவையான அளவு குறுகிய காலத்துக்கு மட்டுமே கட்டுப்படுத்தலாம் என்கிறது. எத்தனை நாள் தடை, எந்த விதியின் கீழ் என்று சிறைக் கண்காணிப்பாளருக்குக் கடிதம் எழுதி நகல் வைத்துக்கொள்ளுங்கள். பதில் வராவிட்டால் அவருக்கு மேலே உள்ள சிறைத் துறை அலுவலகம், அதன்பின் நீதிமன்றம். வழக்கறிஞர் வைக்க வசதி இல்லை என்றால் இலவசச் சட்ட உதவி தரும் அமைப்பிடம் கேளுங்கள்.

அவராலும் வழக்கறிஞராலும் புகார் கொடுக்க முடியாத நிலை என்றால், குடும்பத்தில் ஒருவர் அவருக்காகப் புகார் கொடுக்கலாம் என்று மண்டேலா விதிகளில் 56ஆவது விதி இடம் கொடுக்கிறது.

இதெல்லாம் நடக்கும்வரை அவர் உள்ளே எதுவும் தெரியாமல் காத்திருப்பார். அன்று மாலையே ஒரு கடிதம் போடுங்கள். வந்தேன், வாசல் வரை வந்தேன், இன்ன காரணத்தால் விடவில்லை, இன்ன தேதிக்கு மறுபடி பதிவு செய்திருக்கிறேன் என்று நான்கு வரி. மேலே கைதி எண்ணைப் போட மறக்காதீர்கள்.